பாறைக் குழியில் ஒரு கடல்

அந்தமானில் நீல் தீவின் இயற்கைப் பாலத்தைக் கடல் வற்றும் நேரம் கேட்டறிந்து பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் கீழே இறங்கும். பாறைக் குழிகளில் மட்டும் கடல் தேங்கி நிற்கும். குழியின் மேல் நிழல் விழாமல் குந்தியிருந்தால் போதும். வெறும் சங்கு என்று நினைத்தது கால் முளைத்து நடக்கும். உள்ளே துறவி நண்டு! உடம்பு வளர வளரப் பெரிய சங்காகத் தேடிக் குடிமாறும் பிராணி அது. பக்கத்தில் கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருளை உண்டு, மீதி மணலை வெளியே தள்ளும். பிள்ளைகளின் கேள்விகள் அங்கே தாமாகவே பிறக்கும். ஒன்றுதான் வேண்டுகோள்: பவளத்தை மிதிக்காதீர்கள், புரட்டிய கல்லை இருந்தபடியே வையுங்கள், காலிச் சங்கைக்கூட எடுத்து வராதீர்கள். நாளை ஒரு நண்டுக்கு அது வேண்டியிருக்கும்.