ஜுனா பஜாரில் ஒரு டூல் பிட்

புதனும் ஞாயிறும் புனேயில் ஜுனா பஜார் கூடும். தரையில் பரப்பிய பழைய சாமான்களுக்கு நடுவே டிரில், மரை வெட்டும் டேப், டூல் பிட் எல்லாம் தேடலாம். வீட்டில் சின்ன லேத் வைத்திருப்பவர் அவசரமில்லாமல் உட்கார்ந்து பொறுக்க வேண்டிய இடம்.

நான் முதலில் தேடுவது, லேத்தில் உலோகத்தைச் சீவும் ஹை ஸ்பீடு ஸ்டீல் டூல் பிட். மேலே துரு படர்ந்திருந்தாலும் பரவாயில்லை. சென்னை அடிசன் கம்பெனியின் பெயர் தெரிந்தால் மனசுக்குத் தெம்பு. வீட்டுக்கு வந்ததும் சாணையில் லேசாக வைத்துப் பார்ப்பேன். சாதா கார்பன் ஸ்டீல் என்றால் வெளிர்ப் பொறிகள் பூப்பூவாக வெடிக்கும். டங்ஸ்டன் கலந்த ஹை ஸ்பீடு ஸ்டீலில் மங்கிய சிவப்புப் பொறி, அதுவும் கொஞ்சமாக, வெடிக்காமல் கோடாக ஓடும். அந்தச் சிவப்பைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அந்த ஸ்டீலின் கடினம் நிற்கும்.

கார்பைடு டூல் பிட்டும் நல்லதுதான். ஆனால் அதற்கு வேகமும் அதிராத மெஷினும் வேண்டும். சின்ன லேத்தில் முனை சட்டென்று உடைந்துவிடும். ஹை ஸ்பீடு ஸ்டீலைத் தேயத் தேயச் சாணை பிடித்துக்கொள்ளலாம்.

அளக்கும் கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மைக்ரோமீட்டரைப் புதிதாகவே வாங்குங்கள்.