பதின்பருவ வாசகர்க்கான புதிய நாவல்கள்: பரிந்துரையும் மொழிநோக்கும்

1. முன்னுரை

பள்ளி நூலகங்களுக்கும் பெற்றோர்க்கும் உதவும் வகையில் தொகுக்கப்படும் நூற்பட்டியல்கள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. இவற்றில் நாவலின் பெயரை அடுத்து அதன் பொருண்மை ஒரு தொடரில் சுட்டப்பெறும்: சூழல் பாதுகாப்பு, சாதி மறுப்பு, பாலியல் விழிப்புணர்வு, தொல்லியல் என்பன போல. நாவல் எதைப் பற்றியது என்பதை அறிய இக்குறிப்பு போதும். அதனைச் சொல்பவர் யார், எந்தத் தமிழில் சொல்கிறார் என்பதை அறிய இது துணைசெய்வதில்லை. பதின்பருவ வாசகரைப் பொறுத்தவரை, நூலைத் தொடர்ந்து படிப்பதும் இடையில் மூடிவைப்பதும் பெரும்பாலும் இவ்விரண்டாம் வினாவைச் சார்ந்தே அமைகின்றன. பரிந்துரைக்குரிய அளவுகோல்களுள் மொழியும் ஒன்றாக வேண்டும் என்பதைச் சில நாவல்களின்வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பருவமும் பெயரும்

தமிழ் மரபு பருவங்களை நுட்பமாகப் பகுத்துப் பெயரிட்டுள்ளது. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்து, 12, 13 ஆகிய வயதுகளை மங்கைப் பருவம் என்றும், 14 முதல் 19 வரையிலான வயதை மடந்தைப் பருவம் என்றும் குறிக்கின்றன. எனினும் இன்றைய பதிப்புலகில் ‘சிறுவர் இலக்கியம்’, ‘இலக்கியம்’ என்னும் இரு தட்டுகளே உள்ளன. சாகித்திய அக்காதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் 9 முதல் 16 வயது வரையிலான வாசகர்க்குரிய நூல்களை ஒரே தொகுதியாகக் கொள்கிறது. 2011 முதல் வழங்கப்படும் யுவ புரஸ்கார் எழுதுவோரின் இளமையைக் கருதுவதேயன்றி வாசிப்போரின் இளமையைக் கருதுவதன்று.

வங்காளத்தின் நிலை இதனின்று வேறானது. அங்கு ‘கிஷோர்’ இலக்கியம் என்னும் வகைமை நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. சத்யஜித் ராய் 1965இல் ‘சந்தேஷ்’ இதழில் எழுதத் தொடங்கிய ஃபெலுடா கதைகளைச் சொல்பவன் துப்பறிவாளன் அல்லன். அவனுடன் செல்லும் பதின்பருவச் சிறுவனாகிய தோப்ஷே. தன் வயதினன் ஒருவன் தன்மையிடத்தில் நின்று கதை சொல்வதை வங்காள வாசகன் இவ்வாறு பெற்றான். பேச்சுக்கு நெருக்கமான ‘சலித்’ வழக்கு அதற்கு முன்னரே எழுத்துமொழியாக ஏற்கப்பட்டிருந்தமை இதற்கு வழிவகுத்தது எனலாம்.

3. சொல்பவர் யார்

தமிழில் இப்பருவத்தினர்க்குப் பரிந்துரைக்கப்படும் நூல்களைச் சொல்பவர் என்னும் நோக்கில் அணுகினால் ஒரு பொதுமை புலனாகிறது. 1990களில் வெளிவந்து இன்றும் பட்டியல்களில் இடம்பெறும் இரா. நடராசனின் ‘ஆயிஷா’ என்னும் குறுநாவல், வினாக்கள் எழுப்பும் ஒரு மாணவியைப் பற்றியது. ஆனால் அதனைச் சொல்பவர் அவளுடைய ஆசிரியை. ஆசிரியையின் குற்றவுணர்வே கதையின் விசை. அதன் வலிமை ஐயத்திற்கு இடமற்றது. எனினும் மாணவியின் குரல் ஆசிரியையின் நினைவுவழியே வாசகரை எட்டுகிறது.

2020ஆம் ஆண்டிற்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ சிறார் மீதான பாலியல் அத்துமீறலைப் பொருளாகக் கொண்டது. ஈண்டுப் பேசுவது ஒரு மரப்பொம்மை. இவ்வுத்தி மொழியியல் நோக்கில் பொருத்தமுடையது. உடலைப் பற்றிக் குழந்தை பெரியவரிடம் பேசுதற்குரிய நடுநிலைச் சொற்கள் தமிழ்க் குடும்ப வழக்கில் அரிதாகவே உள்ளன. கிடைப்பவை மழலைச் சொல்லாகவோ, மருத்துவச் சொல்லாகவோ, வசைச் சொல்லாகவோ அமைகின்றன. பெரியவரும் அயலாரும் அல்லாத பொம்மை பேசும்போது இத்தடை தளர்கிறது. பதின்பருவத்தின் வாயிலில் நிற்கும் 10 முதல் 12 வயதினர்க்கு இந்நாவலைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம். 15 வயது வாசகர்க்கோ, பொம்மையின் துணையின்றித் தானே சொல்லத் தொடங்கும் ஒரு பாத்திரம் தேவைப்படும். இது நாவலின் குறையன்று. இரு பருவத்தினர்க்கும் ஒரே நூலை நீட்டும் பட்டியலின் குறையாகும்.

2023ஆம் ஆண்டிற்கான விருதைப் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்டு, இக்காலச் சிறுவனையும் பண்டைக் காலச் சிறுவனையும் சந்திக்கச் செய்கிறது. ‘ஆதன்’ என்பது கற்பனைப் பெயரன்று. கீழடிப் பானையோடுகளில் தமிழ்பிராமி எழுத்தில் காணப்படுவது. சங்க இலக்கியத்தில் சேர மன்னர் பெயர்களிலும் பயில்வது. 2019இல் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை இவ்வாறு எழுத்துப் பொறித்த 56 ஓடுகளைக் குறிப்பிடுகிறது. அரசர் பெயராக மட்டும் பாடநூலில் அறிமுகமான ஒரு சொல், பானையோட்டின்வழிச் சாதாரண மனிதரின் பெயராகி, நாவலில் ஒரு சிறுவனின் பெயராவது நோக்கத்தக்கது. இருவர் சந்திப்பில் இயல்பாக எழும் வினா ஒன்றுண்டு: அக்காலச் சிறுவன் பேசிய தமிழ் இக்காலச் சிறுவனுக்கு விளங்கியிருக்குமா? நாவல் இன்றைய தமிழில் எழுதப்படுவது தவிர்க்க இயலாதது. ஆயின் இவ்வினாவை வகுப்பில் எழுப்பும் ஆசிரியர், வரலாற்றுப் பெருமிதத்தோடு நின்றுவிடாமல் மொழிமாற்றம் பற்றிய சிந்தனைக்கும் மாணவரை இட்டுச்செல்லலாம்.

4. இரட்டை வழக்கும் இளையோர் குரலும்

ஆசிரியை, பொம்மை, பண்டைக்காலம் என இம்மூன்று நூல்களிலும் இளையோர்க்குச் சொல்லப்படுகிறது. இளையோர் சொல்வது குறைவு. இதற்கு எழுத்தாளரை மட்டும் பொறுப்பாக்க இயலாது. தமிழின் இரட்டை வழக்கும் இதற்கொரு காரணமாகும். பதின்பருவத்தினர் தன்மையிடத்தில் கதை சொன்னால் எந்த வழக்கில் சொல்வது? எழுத்து வழக்கில் சொன்னால் பாடநூலின் சாயல் படிகிறது. பேச்சு வழக்கில் சொல்வதற்கு நிலைபெற்ற எழுத்துமுறை இல்லை. ‘அவங்க’ என்பதா, ‘அவுங்க’ என்பதா என்பதில் ஒருமையில்லை. ‘மரம்’ என்பதன் இறுதி மெய் பேச்சில் மூக்கொலி பெற்ற உயிராவதைக் காட்ட எழுத்தே இல்லை. இவற்றோடு பள்ளி வளாகத்தின் ஆங்கிலக் கலப்பும் சேர்கிறது.

பாலாஜி வெங்கடரமணன் ஆங்கிலத்தில் எழுதி 2013இல் வெளிவந்த ‘ஃபிளாட் டிராக் புல்லீஸ்’ ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. சென்னைச் சிறுவன் ஒருவன் தன் கோடை விடுமுறையைத் தானே சொல்வதாக அமைந்தது அந்நாவல். சென்னைச் சிறுவனின் குரலைக் கேட்க ஆங்கில நூலை நாட வேண்டியுள்ள நிலை சிந்தனைக்குரியது. தமிழைப் பாடமொழி என்றும், ஆங்கிலத்தைத் தன் வயதினர் பேசும் மொழி என்றும் வாசகர் பிரித்துணரத் தொடங்குவாராயின், அவரைத் தமிழ் நாவலுக்குத் திருப்பி அழைப்பது எளிதன்று.

5. வாசிப்புத் திறனும் மனமுதிர்ச்சியும்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பகுத்துள்ளது. வயதை விடுத்து வாசிப்புத் திறனைக் கொண்டு பகுத்திருப்பது வரவேற்கத்தக்கது. இதன் அடுத்த படி பதின்பருவத்தினர்க்கு உரியதாகும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் 14 வயது மாணவருக்கு எளிய தொடர்கள் தேவை. ஆனால் முயலும் ஆமையும் தேவையில்லை. குறுந்தொடர்களும் முதிர்ந்த பொருளும் ஒருங்கே அமைந்த நாவல்கள் மிகக் குறைவு. ‘எளிய நடை’ என்னும் குறிப்பைக் கண்டதும் நூலைக் கீழ்வகுப்பிற்குத் தள்ளும் வழக்கம் மாறவேண்டும்.

6. முடிவுரை

பதின்பருவத்தினர்க்கு நாவலைப் பரிந்துரைப்போர் பொருண்மையோடு மூன்று செய்திகளையும் சேர்த்துக் குறித்தல் நலம்: கதையைச் சொல்பவர் யார்; உரையாடல் எந்த வட்டார, சமூக வழக்கில் அமைகிறது; தொடரமைப்பின் எளிமையும் பொருளின் முதிர்ச்சியும் எவ்வாறு இயைகின்றன. இக்குறிப்புகள் நூலகருக்குத் தேர்வில் உதவும். எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் வெற்றிடம் எங்கு உள்ளது என்பதைக் காட்டும். மரப்பாச்சியும் ஆதனும் வாசகரைப் பதின்பருவத்தின் வாயில்வரை அழைத்துவந்துள்ளனர். அதற்கு அப்பால் தன் மொழியில் தானே பேசும் இளையோர் குரல் தமிழ் நாவலில் மேலும் வலுப்பெற வேண்டியுள்ளது.