பார்த்து வரைந்த பேய்

பழைய ஐரோப்பிய அச்சுப் படங்களில் வரும் அஸ்டெக் தெய்வங்களுக்கு இப்போது நூல் அட்டைகளிலும் வரவேற்பறைச் சுவர்களிலும் நல்ல மவுசு. கூடவே ஒரு வக்காலத்தும் வந்துவிடுகிறது: பாவம், அந்தக் கலைஞர்கள் மெக்சிகோவைக் கண்டார்களா, காதில் விழுந்ததை வரைந்தார்கள் என்று.

வேலைப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். 1671இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான மொன்டானுஸின் அமெரிக்கா நூலில் செப்புத் தகட்டுக் கோடுகளின் நயம் யாரையும் நிறுத்தும். ஆனால் அதில் போர்த் தெய்வம் உயிட்சிலோபோச்ட்லி என்று காட்டப்படுவது எது? வௌவால் இறக்கை, ஆட்டுக் கால், வயிற்றில் இன்னொரு முகம்!

காதில் விழுந்ததை வரைந்திருந்தால் இந்த உருவம் வந்திருக்காது. 1590இலேயே யேசு சபைப் பாதிரியார் அகோஸ்தா அந்தச் சிலையை அங்கம் அங்கமாக எழுதிவிட்டார்: நீல நெற்றி, மூக்குக்கு மேலே காதுக்குக் காது ஓடும் நீலப் பட்டை, பறவை அலகு போன்ற தலையணி, வலக்கையில் பாம்பாக நெளியும் கோல், இடக்கைக் கேடயத்தில் வெள்ளை இறகுக் குஞ்சங்கள் ஐந்து. அவருக்கும் அது பிசாசின் வேலைதான். இருந்தும், கண்டவர் சொன்னதை மாற்றவில்லை. இறக்கையும் குளம்பும் அவர் எழுத்தில் கிடையாது.

படமும் கிடைக்காமல் இல்லை. 1601இல் மாட்ரிட்டில் வந்த எர்ரேராவின் வரலாற்று நூலில், முகப்புப் பக்கத்திலேயே மெக்சிகோ ஓவியச் சுவடிகளின் வழிவந்த தெய்வ உருவங்கள் உண்டு. 1615இல் பாதுவாவில், கார்தாரியின் தெய்வப் படநூலுக்குப் பிஞோரியா சேர்த்த பகுதியிலும் மெக்சிகோ தெய்வங்களைக் காட்டும் வத்திக்கான் சுவடியைப் பின்பற்றிய உருவங்கள் அச்சேறின. (எல்லாம் எகிப்திலிருந்து வந்தவை என்று அவர் அடம்பிடித்தது வேறு கதை.)

அப்படியானால் ஆம்ஸ்டர்டாம் பேய் யார் வீட்டுப் பிள்ளை? வம்சாவளி நம் பக்கத்துக் கோழிக்கோட்டுக்கு வருகிறது. அங்கே மன்னர் சாமூதிரி வழிபடும் உருவம் கொம்பும் மும்முடியும் தரித்த பேய் என்று வர்த்தேமாவின் பயணநூல் 1510இல் சொன்னது. 1515 ஆக்ஸ்பர்க் பதிப்புக்கு யோர்க் ப்ரூ அதை மரக்கட்டையில் வெட்டினார். ஐரோப்பாவின் சொந்தப் பிசாசுக்கு முதலில் மலையாளக் கரையில் வீடு கொடுத்தார்கள், பிறகு மெக்சிகோவில். ஊர்தான் மாறியது, உருவம் பெரிதாக மாறவில்லை.

அதே 1671இல் லண்டனில் ஓகில்பி அதே படங்களைப் போட்டு ஆங்கில நூலை விற்றார். எர்ரேராவின் நூல் வந்து எழுபது ஆண்டு கழிந்திருந்தது. இரண்டு பெரிய அச்சு நகரங்களிலும் படத்தைத் திருத்தவில்லை, ஏனென்றால் பேய் விற்றது. இதை அறியாமை என்று கணக்கெழுத எனக்கு மனம் வரவில்லை.