ரெடோனின் கறுப்பு

ஓடிலோன் ரெடோனைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் கையிலெடுக்கும் வார்த்தை கனவு. அவரும் இதற்கு இடம் கொடுத்தவர்தான். 1879ல் வெளியிட்ட முதல் கல்லச்சுத் தொகுதிக்குக் 'கனவில்' என்று பெயரிட்டார். 1884ல் ஹுய்ஸ்மான்ஸ் தன் நாவலின் நாயகன் வீட்டில் ரெடோன் படங்களை மாட்டிவைத்தபின், நோயும் ஜுரமும் அந்த வார்த்தையோடு ஒட்டிக்கொண்டன. கனவு என்று சொல்லிவிட்டால் படத்தைப் பார்க்கும் சிரமம் மிச்சம்.

எட்கார் போவுக்குச் சமர்ப்பணமாக 1882ல் வந்த ஆறு படங்களில் முதலாவதில், ஒரு பெரிய கண் பலூனாக மேலெழுகிறது. கூடை தொங்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டு, அதன்மேல் ஒரு தலை. கீழே நீர்ப்பரப்பு, கரையில் செடி. இதில் மங்கல் எங்கே? இமைமயிர்கள் தெளிவாக நிற்கின்றன. தூக்கிச் செல்லப்படுவதன் பாரம் தெரிகிறது. தனித்தனியே எல்லாம் நமக்குத் தெரிந்தவை, சேர்க்கைதான் புதிர். இளமையில் போர்தோவில் தாவரவியலாளர் அர்மான் க்ளவோ மூலம் மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பழகியவர் ரெடோன். 1881ல் கரியில் வரைந்த சிரிக்கும் சிலந்திக்குப் பத்துக் கால்கள். எட்டை அறிந்தவன் போட்ட பத்து என்றே எனக்குப் படுகிறது.

ஃபான்தன்-லத்தூரின் யோசனைப்படி, கரிச்சித்திரங்களைப் பிரதிகளாக்கத்தான் ரெடோன் கல்லச்சுக்கு வந்தார். கொழுப்புப் பென்சில் பட்ட இடம் மையை ஏற்கும். ஈரமான வெறும் கல் மையைத் தள்ளும். வெள்ளை மை என்று ஒன்றில்லை. வெளிச்சம், தொடாமல் விட்ட காகிதம். அல்லது கறுப்பைச் சுரண்டி மீட்டது. ஆகவே இந்தக் கறுப்பைப் பின்னணி என்று தள்ளிவிட முடியாது. உருவங்கள் அதற்குள்ளிருந்துதான் எடுக்கப்படுகின்றன.

'கனவில்' தொகுதி அச்சானது 25 பிரதிகள். நம்மில் பலரையும்போல நானும் புத்தகங்களில்தான் இப்படங்களைப் பார்த்திருக்கிறேன். மலிவான அச்சில் கறுப்பு சாம்பலாகிவிடுகிறது. கனவுப் பேச்சுக்கு அந்தச் சாம்பலும் ஒத்தாசை.

இது வெறும் ரசனைத் தகராறல்ல. மங்கலே மர்மம் என்று ஒப்புக்கொண்டால், தெளிவாகப் பார்க்கத் திராணியற்ற எவனும் ஆழமானவனாகிவிடுவான். குறியீட்டியக்கத்தின் நிழலில் அப்படிப் பிழைத்தவர்கள் உண்டு. ரெடோன் அவர்களில் ஒருவரல்ல. பிற்காலத்தில் அவர் கறுப்பை விட்டு வண்ணப் பூக்களுக்குப் போனதை விடுதலை என்கிறார்கள். எனக்கு அந்தக் கண்தான் முக்கியம். அது நம்மை மிரட்டவில்லை. நம்மைக் கவனிக்கவும் இல்லை. தன் சுமையோடு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது.