கட்டடமும் கட்டவிழ்ப்பும்

கட்டடம் பேசாப் பொருள் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் என்ன பேசிவிடும் என்பது அவர்கள் கேள்வி. எவர் மேட்டில் வாழ்வது, எவர் பள்ளத்தில் வாழ்வது, எந்த வாயிலில் எவர் நுழைவது என்பனவற்றையெல்லாம் கட்டடம் நாள்தோறும் உரக்கக் கூறி வருகிறது. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டமையால் அக்குரல் நம் காதில் விழுவதில்லை. அதை மீண்டும் கேட்கச் செய்யும் முயற்சி ஒன்று மேனாட்டுக் கட்டடக் கலையில் நடந்தது. அதனைக் கட்டவிழ்ப்பு என்பர். அதன் பொருள் யாது, அதனால் விளைந்தது யாது, தோட்டத்துத் தமிழனுக்கு அதனால் ஆவது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'கட்டு' என்னும் சொல் வீடு கட்டுவதையும் குறிக்கும். மாட்டைக் கட்டுவதையும் குறிக்கும். கட்டியதை இடிப்பது ஒரு வேலை. கட்டியதை அவிழ்ப்பது மற்றொரு வேலை. அவிழ்ப்பவன் முடிச்சு எங்கே விழுந்தது, எவர் இட்டது, எதை மறைக்க இட்டது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு அறிஞர் ஜாக் தெரிதா 1967 முதல் தம் நூல்களில் செய்தது இதுவே. மேல் கீழ், உள் புறம், நடு ஓரம் என்று நாம் இரண்டு இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். அவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற எண்ணம் பேச்சிலேயே ஒளிந்திருக்கிறது. ஆயினும் தாழ்ந்தது என்று தள்ளப்பட்டதே உயர்ந்ததைத் தாங்கி நிற்கிறது என்று அவர் காட்டினார்.

இக்கருத்து கட்டடக்காரர்களிடம் எப்படிச் சென்றது? பாரிஸ் நகரில் பழைய ஆட்டுத்தொட்டி இருந்த லா வில்லெத் என்னுமிடத்தில் பூங்கா அமைக்க 1982-இல் போட்டி வைத்தனர். அதில் வென்ற பெர்னார்ட் சூமி, பூங்காவுக்கு நடுவிடம் என்று ஒன்றை வைக்கவில்லை. ஒழுங்கான இடைவெளியில் சிவப்பு மண்டபங்களை நிறுவி, இன்ன மண்டபம் இன்ன வேலைக்கு என்று முன்கூட்டி விதிக்காமல் விட்டார். அப்பூங்காவில் ஒரு தோட்டம் அமைக்கத் தெரிதாவையும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மனையும் ஒன்று சேர்த்தார். அத்தோட்டம் கட்டப்படவேயில்லை, அது பற்றிய நூல் மட்டும் வெளிவந்தது.

பின்னர் 1988-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் பிலிப் ஜான்சனும் மார்க் விக்லியும் எழுவர் வேலைகளைக் காட்சிக்கு வைத்தனர். சூமி, ஐசன்மன், பிராங்க் கெரி, ஸஹா ஹதீத் முதலியோர் அவ்வெழுவருள் அடங்குவர். அவ்வேலைகள் தெரிதாவின் தத்துவத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று விக்லியே எழுதினார். ஆயினும் பெயர் ஒட்டிக்கொண்டது. சாய்ந்த சுவரும் உடைந்த கூரையும் கண்டவிடமெல்லாம் கட்டவிழ்ப்பு என்று உலகம் கூறலாயிற்று.

இவற்றுள் நல்லது இல்லையா? உண்டு. தானியல் லிபெஸ்கிண்ட் பெர்லினில் கட்டி 2001-இல் திறக்கப்பட்ட யூதர் காட்சிசாலைக்குத் தெருவிலிருந்து தனி வாயில் கிடையாது. பக்கத்துப் பழைய மாளிகையுள் புகுந்து, நிலத்தடி வழியாகவே அதை அடைதல் வேண்டும். ஜெர்மானியரின் வரலாற்றுக்கும் யூதரின் வரலாற்றுக்கும் உள்ள உறவை அவ்வழி நம் காலுக்கே உணர்த்துகிறது. கட்டடத்தினூடே வெறுமையான குழிகள் மேலிருந்து கீழ்வரை செல்கின்றன. அழிக்கப்பட்ட மக்களின் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? இங்கே வடிவம் ஒரு வினாவைக் கேட்கிறது.

அதே லிபெஸ்கிண்ட் 2011-இல் சிங்கப்பூர் கெப்பல் கடற்கரையில் கட்டி முடித்த வளைந்த கோபுரங்கள் செல்வர்களின் குடியிருப்பாகும். அழகு இல்லை என்று கூறோம். எந்த வினாவும் அங்கே இல்லை என்றுதான் கூறுகிறோம். 1997-இல் ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரில் கெரி கட்டிய காட்சிசாலைக்குக் கூட்டம் திரண்டது கண்டு, ஊர் ஊராக விசித்திர வடிவங்களுக்கு ஆசை பிறந்தது. கேள்வியாகத் தோன்றியது நாகரிக வேஷமாகி விலை போயிற்று. இதுவே இவ்வியக்கத்தின் பெருங்குறை என்பது நமது அபிப்பிராயம்.

சாய்வதே சிறப்பென்றால் அதற்கு மேனாடு செல்ல வேண்டியதில்லை. தாப்பாவில் உள்ள நமக்குத் தெலுக் இந்தான் தூரமன்று. லியோங் சூன் சோங் என்பார் 1885-இல் கட்டிய அவ்வூர்க் கோபுரம் நூற்றாண்டுக்கு மேலாகச் சாய்ந்தே நிற்கிறது. தண்ணீர்த் தொட்டியின் பாரமும் கீழுள்ள இளகிய மண்ணுமே அதற்குக் காரணம். வெளியிலிருந்து எண்ணினால் எட்டு அடுக்கு. உள்ளே ஏறினால் மூன்றே அடுக்கு. சாய்வைப் படம் பிடிக்கப் பலர் வருகின்றனர். வெளித்தோற்றத்துக்கும் உள்ளுண்மைக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? கட்டவிழ்ப்பவன் காண வேண்டியது அதுவன்றோ?

இன்னும் வடக்கே பத்து காஜா அருகிலுள்ள கெல்லி மாளிகைக்குச் செல்வோம். ஸ்காத்லாந்து நாட்டு வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அதைத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளரை வரவழைத்தார். விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டனர், துரையும் இசைந்தார். 1926-இல் அவர் லிஸ்பனில் இறக்கவே மாளிகை முடிவுறாமல் நின்றது. நோய்க்குக் கோயில் மருந்தாகாது என்பது வேறு விஷயம். நோக்கத்தக்கது கோயில் விமானத்தில் உள்ளது. தெய்வ உருவங்களின் நடுவே உடுப்பணிந்த துரையின் உருவத்தையும் தொழிலாளர் அமைத்தனர். நன்றியால் செய்தனரோ, அச்சத்தால் செய்தனரோ, எப்படியாயினும் துரைக்கு எங்கே இடம் என்று தீர்மானித்த கை அங்கே கூலியின் கை. மாளிகையில் ஓரமாயிருந்தவன் கோயிலில் நடுவாகிறான். நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்படாத கட்டவிழ்ப்பு இது!

இனி நமது தோட்டத்தையே படித்துப் பார்ப்போம். மேட்டில் துரை பங்களா; நாற்புறமும் காற்று, முன்னே புல்வெளி. பள்ளத்தில் லயம், ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். இரண்டுக்கும் இடையில் கிராணி வீடு. பங்களாவிலிருந்து பார்த்தால் லயம் முழுவதும் தெரியும். லயத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் கூரைதான் தெரியும். இடையில் குடியிருக்கும் நாமும் இக்கட்டில் ஒரு முடிச்சே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த தோட்டம் ஒன்று மனைகளாக்க விற்கப்பட்டது. வீட்டைக் காலி செய்ய வேண்டிய குடும்பங்களின் பட்டியலை எழுதியது நமது கை. கதவெண்ணை முதலிலும் பெயரைப் பின்னும் எழுதினோம். மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிய குடும்பம் ஒரு வரியில் அடங்கிற்று. மண்வாரி இயந்திரம் வந்த அன்று பகலுக்குள் லயம் மண்ணாயிற்று. பங்களாவோ வெள்ளையடிக்கப்பட்டு மனை விற்போரின் அலுவலகமாயிற்று. கட்டடம் இடிந்தது, கட்டு அவிழவில்லை.

தெரிதா ஐசன்மனுக்கு எழுதி 1990-இல் அச்சான கடிதமொன்றில், வறுமையைப் பற்றியும் வீடற்றோரைப் பற்றியும் உமது கட்டடக் கலை என்ன கூறுகிறது என்னும் பொருள்பட வினவினார். அவ்வினாவுக்கு வளைந்த கோபுரங்கள் விடை கூறவில்லை. விடை தேடும் பொறுப்பு நமக்கும் உண்டு.

அன்பர்களே! உங்கள் தோட்டத்தில் லயம் இன்னும் நிற்குமாயின், அது மண்ணாகும் முன் அதன் படத்தை வரைந்து வையுங்கள். குழாய் எங்கே, ஆயாக்கொட்டகை எங்கே, பிரட்டுக் களம் எங்கே, பங்களாவின் பின்வாயில் எங்கே என்று குறியுங்கள். எவர் எவ்வழி நடந்தார் என்று முதியோரைக் கேட்டு எழுதுங்கள். முடிச்சு இருந்த இடம் அப்படத்தில் தெரியும். அதை அறியாமல் புது வீட்டில் குடியேறினால், பழைய பள்ளத்தையும் கூடவே கொண்டு சென்றவர்களாவோம்.