கடை திறக்கச் செலவில்லை என்ற பாடம்

இணையத்தில் வியாபாரம் செய்வது எப்படி என்று புதியவர்களுக்குச் சொல்லித்தர வந்த ஆரம்ப காலப் புத்தகங்களில் ஒன்றை எழுதியவர்கள், அன்றைய இணையவாசிகளின் கடுங்கோபத்துக்கு ஆளான ஒரு தம்பதியர். லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் இருவரும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குடியேற்ற வழக்குகளைப் பார்த்துவந்த வழக்கறிஞர்கள். கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுகிறோம் என்ற ஒரே விளம்பரத்தை, 1994 ஏப்ரலில், யூஸ்நெட்டின் 5,000க்கும் மேற்பட்ட விவாதக் குழுக்களில் போட்டார்கள். குழு எதைப் பற்றியது என்பதைப் பார்க்கவே இல்லை. பதிலுக்கு வந்து குவிந்த கோபக் கடிதங்களைத் தாங்காமல், அவர்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் கணினி செயலிழந்தது. அந்த விளம்பரத்தால் 1 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் வந்ததாகச் சொன்ன அவர்கள், அதே ஆண்டில் தகவல் நெடுஞ்சாலையில் பணம் சம்பாதிக்கும் வழியைப் புத்தகமாகவும் எழுதி வெளியிட்டார்கள்.

தொல்லைக்காரர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் சொன்ன பாடத்தின் சாரம் அந்தக் காலத்து நல்ல வழிகாட்டிகளிலும் இருந்ததுதான். கடைத்தெருவில் இடம் பிடிக்க வேண்டாம், வாடகை அட்வான்ஸ் வேண்டாம், பத்திரிகையில் விளம்பர இடம் வாங்க வேண்டாம். ஒரு கணினியும் மோடமும் தொலைபேசி இணைப்பும் இருந்தால் உலகத்துக்கே விற்கலாம். கையில் முதல் இல்லாதவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது. அந்த இனிப்பில் பெரும் பகுதி உண்மையும்கூட.

இந்தப் பாடத்தை எடைபோட ஒரு கேள்வி போதும். மிச்சமானதாகச் சொல்லப்பட்ட செலவு உண்மையிலேயே இல்லாமல் போனதா, இல்லை வேறு யார் தலையிலாவது போய் விழுந்ததா? 1994 முதல் 2001 வரை அமெரிக்காவில் நடந்த இணைய வியாபாரத்தை இந்தக் கேள்வியோடு பார்த்தால் எது நிலைத்தது, எது சரிந்தது, எது நிலைத்தும் தீங்கு செய்தது என்பது பிடிபடுகிறது.

முதலில், அந்த இடத்தைக் கட்டியது யார் பணம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க இணையத்தின் முதுகெலும்பாக இருந்த வலையமைப்பு தேசிய அறிவியல் அறக்கட்டளையின், அதாவது வரி கட்டியவர்களின், பணத்தில் ஓடியது. ஆய்வுக்கும் கல்விக்கும் மட்டுமே என்பது அதன் விதி. வணிகப் போக்குவரத்துக்கு அதில் இடமில்லை. 1993 ஏப்ரல் 30 அன்று ஜெனிவாவிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடம், தன்னிடம் பிறந்த வலைத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த அரசு முதுகெலும்பு நிறுத்தப்பட்டு, போக்குவரத்து முழுவதும் தனியார் பாதைகளுக்கு மாறியது. அந்த 1995ஆம் ஆண்டின் ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்ளிட்ட இந்தியப் பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. ஆக, 1995இல் உள்ளே வந்த கடைக்காரர் சாலை போடவும் இல்லை, சாலைக்குக் காசு கொடுக்கவும் இல்லை. டொமைன் பெயரைப் பதிவு செய்வதுகூட அந்த ஆண்டு செப்டம்பர் வரை இலவசம். அதன் பிறகே இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் வந்தது. இலவசமாக இருந்த நாட்களில் ஜோஷுவா க்விட்னர் என்ற பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ்.காம் என்ற பெயரைத் தன் பேரில் பதிவு செய்து, பெரிய நிறுவனங்கள் எவ்வளவு அசட்டையாக இருக்கின்றன என்று காட்டினார். ஒரு பள்ளிக்கு இணைய வசதி செய்துகொடுக்க அந்த நிறுவனம் 3,500 டாலர் தந்த பிறகு பெயரை விட்டுக்கொடுத்தார்.

இனி, கேன்டரும் சீகலும் கண்டுபிடித்த மிச்சத்துக்கு வருவோம். தபாலில் விளம்பரம் அனுப்பினால் ஒவ்வொரு உறைக்கும் தபால்தலை ஒட்ட வேண்டும். அந்தச் செலவே அனுப்புகிறவர் கையைக் கட்டும். இணையத்தில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. பத்துப் பேருக்கு அனுப்பினாலும் பத்து லட்சம் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புகிறவருக்கு ஏறக்குறைய ஒரே செலவு. ஆனால் பெறுகிறவருக்கு? அமெரிக்கா ஆன்லைன் போன்ற பெரிய நிறுவனமே 1996 டிசம்பர் வரை மணிக்கணக்கில்தான் கட்டணம் வாங்கியது. 14.4 கிலோபிட் மோடத்தில் கடிதங்கள் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது, வேண்டாத விளம்பரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்தவர் அதைக் கேட்காதவர். இங்கே எந்தச் செலவும் மறையவில்லை; விற்கிறவரிடமிருந்து, வாங்கப்போகாத லட்சம் பேர் தலைக்கு மாறியது, அவ்வளவே. அமெரிக்க மத்திய அரசின் சட்டம் இதைக் கட்டுப்படுத்த முனைந்தது 2003இல். அதற்குள் மின்னஞ்சல் என்ற அருமையான கருவி பாதி குப்பைக்கூடை ஆகிவிட்டிருந்தது. ஆரம்ப கால இணைய வணிகத்தின் மன்னிக்க முடியாத குறை இதுதான் என்பது என் கருத்து.

செலவு உண்மையிலேயே மறைந்த இடமும் உண்டு: சரக்குப் பட்டியல். 1995 ஜூலையில் திறந்த அமேசான், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் தன்னிடம் கிடைக்கும் என்று அறிவித்தது. எந்தக் கட்டடத்திலும் அத்தனை நூல்களுக்கு அலமாரி போட முடியாது. அமேசானிடமும் அவை இல்லை. நூல்களின் தரவுப்பட்டியலும், கேட்டால் அனுப்பிவைக்கும் மொத்த விநியோகஸ்தர்களும் அதனிடம் இருந்தார்கள். அதன் முதல் விற்பனைகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது, டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் எழுதிய, மனிதச் சிந்தனையைக் கணினியில் மாதிரி செய்வது பற்றிய நூல். ஒரு சிற்றூர்ப் புத்தகக் கடை அதை வாங்கி வைத்து, தூசி தட்டி, ஆள் வருவதற்காக வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது. வேண்டுகிறவர் ஒரு மூலையில், நூல் வேறொரு மூலையில். நடுவிலிருந்த அறியாமையை வலை துடைத்தெறிந்தது. இந்தச் செலவை யாரும் தலையில் சுமக்கவில்லை. வாசகர், எழுத்தாளர், விற்பனையாளர் மூவருக்குமே ஆதாயம்.

அதே அமேசானின் தொடக்க நாட்களைப் பற்றி அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. விநியோகஸ்தர்கள் குறைந்தது பத்து நூல்கள் ஆர்டர் செய்யச் சொன்னார்கள். அமேசானுக்கு வேண்டியதோ ஒன்று. பட்டியலில் இருந்தும் கையிருப்பில் இல்லாத, பாறைப்பாசி பற்றிய ஒரு நூலைக் கண்டுபிடித்து, வேண்டிய ஒரு நூலோடு அதில் ஒன்பது பிரதிகளையும் ஆர்டர் போடுவார்களாம். வேண்டிய நூல் வந்துசேரும், பாசி நூல் இல்லை என்று மன்னிப்புக் கடிதமும் வரும். சாமர்த்தியம் என்று இதைப் பாராட்டாதவர் குறைவு. எனக்கு அந்த விநியோகஸ்தரின் கிடங்கில் இல்லாத நூலைத் தேடிய ஊழியரின் நினைவுதான் வருகிறது. குறைந்தபட்ச ஆர்டர் என்ற விதி, பொட்டலம் கட்டும் கூலியை ஈடுகட்டப் பிறந்தது. அந்தக் கூலி அவர் தலைக்குத் தள்ளப்பட்டது.

வரியிலும் இப்படியே. ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத விற்பனையாளர் அங்கே விற்பனை வரி வசூலித்துக் கட்ட வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் குவில் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. தபால் விற்பனைக்கென வந்த அந்தத் தீர்ப்பு இணையக் கடைகளுக்குப் பெருங்கொடை ஆனது. அமேசானைத் தொடங்க மக்கள்தொகை குறைந்த வாஷிங்டன் மாநிலத்தைப் பெசோஸ் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தெருமுனைப் புத்தகக் கடைக்காரர் வரியும் சேர்த்து விலை சொல்ல, வலைக்கடை அதில்லாமல் சொன்னது. வாசகருக்கு இது தொழில்நுட்பத்தின் மலிவாகத் தெரிந்தது. இந்தத் தீர்ப்பு மாற 2018 வரை ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் மூடிய கடைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பணம் வாங்கும் விஷயத்தில் புதியவர்களின் அச்சம் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1994 ஆகஸ்ட் 11 அன்று நெட்மார்க்கெட் என்ற சிறு நிறுவனம், பாடகர் ஸ்டிங்கின் இசைத்தட்டு ஒன்றை, கடன் அட்டை எண்ணை மறையாக்கம் செய்து, 12.48 டாலருக்கு விற்றது. நாளிதழில் செய்தியாகும் அளவுக்கு அது புதுமை. அடுத்த ஆண்டே நெட்ஸ்கேப் உலவியில் பாதுகாப்பான இணைப்பு வந்துவிட்டது. வாங்குபவரின் கணினிக்கும் கடைக்கும் இடையிலுள்ள கம்பியில் எண்ணைத் திருடுவது கடினமாயிற்று. இது அசலான சாதனை, அதன் மேல்தான் இன்றும் நாம் பணம் அனுப்புகிறோம். ஆனால் கம்பியைக் கடந்து கடையின் தரவுத்தளத்தில் போய்க் குவிந்த எண்களை யார் காத்தார்கள்? 2000 ஜனவரியில் சிடி யூனிவர்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையிலிருந்து 3 லட்சம் அட்டை எண்களை எடுத்துவிட்டதாகச் சொன்ன ஒருவர், 1 லட்சம் டாலர் கேட்டு மிரட்டினார். கிடைக்காதபோது ஆயிரக்கணக்கான எண்களை வலையில் வெளியிட்டார். இன்னொன்றும் உண்டு. அட்டையை நேரில் காட்டாமல் நடக்கும் விற்பனையில் மோசடி நடந்தால், அமெரிக்கச் சட்டம் வாடிக்கையாளரின் பொறுப்பை 50 டாலரோடு நிறுத்துகிறது. வங்கியோ வழக்கமாகப் பணத்தைக் கடைக்காரரிடமிருந்தே திரும்பப் பிடித்துக்கொள்ளும். சரக்கும் போய், காசும் போய் நிற்பவர் கடைக்காரர். வாடகை இல்லாத கடையின் வாடகை இது; புதிதாகக் கடை போட்டவர் முதலில் அறிந்திருக்க வேண்டியதும் இதுவே.

பெரிய சரிவு வந்தது பொருளை வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதில். 1999 கிறிஸ்துமஸுக்குக் குறித்த நாளில் பொருள் சேர்க்காததற்காக, டாய்ஸ்ரஸ்.காம், சிடிநவ் உட்பட ஏழு விற்பனையாளர்கள் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் மீறியது 1975இல் தபால் விற்பனைக்காக எழுதிய விதியை. புது உலகம் என்று பேசப்பட்டதற்குப் பழைய தபால் விதியே போதுமானதாக இருந்தது. வெப்வேன் கதை இன்னும் பாடமானது. 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் மளிகைச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கிய நிறுவனம் அது. அரைமணி நேரத்துக்குள் அடங்கும் நேரத்தை வாடிக்கையாளரே குறிக்கலாம். முதல் கிடங்கு லாபம் காட்டும் முன்பே, 26 கிடங்குகள் கட்ட பெக்டெல் நிறுவனத்தோடு 100 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2001 ஜூலையில் எல்லாம் முடிந்தது.

வெப்வேனின் தோல்விக்குப் பேராசையை மட்டும் காரணம் சொல்வது போதாது. பல்பொருள் அங்காடியில் அலமாரியிலிருந்து சாமானை எடுப்பதும், வண்டியைத் தள்ளுவதும், பெட்ரோல் போட்டு வீட்டுக்கு ஓட்டிவருவதும் வாங்குபவரின் சம்பளமில்லாத உழைப்பு. மளிகையின் மெல்லிய லாபம் அந்த இலவச உழைப்பின் மேல்தான் நிற்கிறது. வெப்வேன் அதைத் தன் சம்பளப் பட்டியலில் ஏற்றிக்கொண்டது. மற்ற இடங்களில் கடை தன் செலவைப் பிறர் மேல் தள்ளியது என்றால், இங்கே பிறர் செலவைக் கடை தானே வலிய வாங்கிச் சுமந்தது. வலைத்தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மூட்டை அரிசியின் எடையை அது குறைக்காது.

அனுப்ப வேண்டியது குறைவாகவும் தேட வேண்டியது அதிகமாகவும் இருந்த தொழில்கள் நின்றன. பியர் ஒமிட்யார் 1995 செப்டம்பரில் தொடங்கிய ஏலத்தளத்தில் உடைந்த லேசர் குச்சி ஒன்று 14.83 டாலருக்குப் போயிற்று. உடைந்ததை வாங்கச் சேகரிப்பாளர் ஒருவர் எங்கோ இருந்தார். பின்னாளில் ஈபே ஆன அந்தத் தளம், முகம் தெரியாதவர்களுக்கு இடையே நம்பிக்கையை வளர்க்க, 1996இல் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையில் ஓட்டை இருந்தது. பழிவாங்கும் மதிப்பீட்டுக்குப் பயந்து வாங்கியவர்கள் வாய்மூடினார்கள். விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தருவதை ஈபே நிறுத்தியது 2008இல்தான். ஆனாலும் அதன் அடிப்படை நல்லது. தமிழர்கள் சம்பந்தப்பட்ட வெற்றியும் இந்த வகையிலேயே அமைந்தது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் வேலைபார்த்த முருகவேல் ஜானகிராமன் நடத்திய தமிழ்த் தளத்தில் மக்கள் அதிகம் தேடிவந்தது வரன் பகுதியை. அது பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. ஜாதகத்தைக் கிடங்கில் அடுக்க வேண்டாம், லாரியில் ஏற்ற வேண்டாம். 2002இல் ஐ.ஆர்.சி.டி.சி. ரயில் டிக்கெட்டை வலையில் விற்கத் தொடங்கியபோது காகித டிக்கெட்டைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பியது; அது ஓர் உறையின் எடைதான், மிச்சமானதோ விடியற்காலை வரிசை.

நிலைத்தும் தீங்கானது ஒன்று மிச்சமிருக்கிறது. வலைக்கடைக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனால், வந்தவர் யார், கூடையில் என்ன போட்டார் என்பது கடைக்கு நினைவிராது. 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மொண்டுல்லி, அந்த நினைவை வாங்குபவரின் கணினியிலேயே சிறு குறிப்பாக வைக்கும் குக்கீ முறையை உருவாக்கினார். கூடையைத் தூக்கும் வேலைக்கு அது நேர்த்தியான தீர்வு. ஆனால் பக்கத்தில் ஒட்டிய விளம்பரமும் தன் குறிப்பை வைக்கலாம் என்றானதும், ஒரே விளம்பர நிறுவனம் நூறு கடைகளிலும் ஒருவரைப் பின்தொடர முடிந்தது. வாங்குபவர் கொடுப்பது தெரியாமலே கொடுத்த விலை அது. 1997 பிப்ரவரியில் இணையத் தரநிலைக் குழு வெளியிட்ட ஆவணம், இத்தகைய மூன்றாம் தரப்புக் குறிப்புகளை உலவிகள் தாமாகவே மறுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அன்றைய பெரிய உலவிகள் இரண்டும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. ஆனால் அப்போது கடை போட்ட ஒருவர் நினைத்திருந்தால், அந்த விளம்பரத் துண்டைத் தன் பக்கத்தில் சேர்க்காமலே வியாபாரம் செய்திருக்க முடியும். அவர் இழந்திருக்கக்கூடியது மாதக் கடைசியில் வரும் விளம்பரப் பணம் மட்டுமே.