ஒரு வரிகூட இல்லாத கவிஞன்

‘டாக்டர் ஷிவாகோ’ (1965) படத்தைக் குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: மூல நாவலின் கவிதைக்கு ஈடாகத்தான் டேவிட் லீன் காட்சிகளைத் தந்துவிட்டாரே, பனிவெளியும் டாஃபோடில் பூத்த நிலமும் கவிதை இல்லையா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஃப்ரெடி யங்கின் ஒளிப்பதிவு, மோரீஸ் ஜாரின் இசை, கோமரோவ்ஸ்கியாக வரும் ராட் ஸ்டைகர் எல்லாமே முதல் தரம். மறுக்கவில்லை.

ஆனால் ஷிவாகோ கவிஞன். பாஸ்டர்நாக் நாவலின் கடைசிப் பகுதியே அவன் எழுதியதாக வரும் 25 கவிதைகள்தான். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் அவற்றில் ஒரு வரிகூட நம் காதில் விழுவதில்லை. வரிக்கினோ பண்ணையில், உறைந்துபோன வீட்டில், கை விறைக்கும் குளிரில் உட்கார்ந்து எழுதுகிறான். ‘லாரா’ என்ற தலைப்பு தெரிகிறது, இசை எழுகிறது, பிறகு அவன் காதலி லாரா படித்து நெகிழ்கிறாள். அப்படி என்னதான் எழுதினான்? ரயிலில் புரட்சித் தளபதி ஸ்ட்ரெல்னிகோவ் அவன் கவிதைகளை வெறும் சொந்த உணர்ச்சி என்று ஒதுக்கும்போதும் இதே கதைதான். தீர்ப்பு காதில் விழுகிறது, கவிதை விழுவதில்லை.

சொல்லைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது ஷிவாகோவாக வரும் ஓமர் ஷரீஃபின் ஈரக் கண்கள். மாஸ்கோ தெருவில் ஊர்வலம் வந்தவர்களைக் குதிரைப்படை வெட்டிச் சாய்க்கிறது. கேமராவோ மாடத்தில் நிற்கும் அவன் முகத்துக்குப் போய்விடுகிறது. ஒருமுறை செய்தால் நுட்பம் என்று பாராட்டலாம். படம் நெடுக இதுவே வேலை என்றால், புரட்சியும் பட்டினியும் ஒரு அழகான முகம் கலங்குவதற்கான சாக்காகிவிடுகின்றன. நாவலில் செம்படைக் கெரில்லாக்களிடம் சிக்கிய ஷிவாகோ, சண்டையின் நடுவே துப்பாக்கியை எடுக்கிறான். பட்ட மரத்தைப் பார்த்துத்தான் சுடுகிறான். ஆனாலும் குறுக்கே வந்தவர்கள்மேல் குண்டு பாய்கிறது. படத்திலோ, வயலில் சுடப்பட்டு விழுந்த சிறுவர்களைக் குனிந்து பார்க்கும் மருத்துவன் மட்டுமே அவன். கையில் கறையே இல்லை.

இந்தத் திரைக்கதைக்காக ராபர்ட் போல்ட்டுக்கு ஆஸ்கரும் கொடுத்தார்கள். சோவியத் அரசு பாஸ்டர்நாக்கை 1958இல் நோபல் பரிசை மறுக்க வைத்தது. 1988 வரை நாவலைத் தன் மண்ணில் அச்சேற விடவில்லை. எழுதியவனின் சொல்லுக்கு அவ்வளவு பயந்தார்கள். லீனுக்கு அந்தச் சொல் தேவைப்படவே இல்லை.